பெல்ட்டுக்குத் தீட்டு இல்லை

"கொல்லாபுரி. ஊர்: குடியாத்தம் பக்கம். வயது: சுமார் முப்பது. வேலை: கூலி, இதர வகை. தேர்ச்சி: இல்லை. சுபாவம்: சாது, வாய் பேசாதவன்."

கோலார் தங்க வயலில் ஒரு சுரங்கக் கம்பெனியின் ஆள் பட்டியலில் இப்படி எழுதியிருக்கிறது. இதில் பெயர் சரி. ஊரும் ஏறக்குறைய சரி. மற்றதையெல்லாம் எழுதிய ரைட்டர் வேறு யாரையோ பார்த்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தச் சாது இந்த நிமிஷம் பட்டறையில் ஏணியின் உச்சிப்படியில் உட்கார்ந்து, ஓடாமல் நிற்கும் ஒரு பெல்ட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, கீழே உள்ள அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டிருக்கிறார்.

"எவன்டா இதுக்கு மண்ணெண்ண பூசனவன்? இது இன்னா நாயம்? உங்கம்மா தலைக்கு மண்ணெண்ணயா தடவி சீவி வுடுவ? தோலு செத்துப்போச்சின்னா அதுக்கு ஒணர்ச்சி இல்லேன்னு நெனச்சிக்கினியா?"

கீழே எல்லோரும் அவரவர் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயம் அல்ல. பதில் சொன்னால் இன்னும் நீளும் என்ற அனுபவம். மண்ணெண்ணெய் பூசினவன் தன் லேத்துக்குப் பின்னால் குனிந்து, விழாத திருகாணி ஒன்றைத் தரையில் தேடிக்கொண்டிருந்தான்.

ஒரு வார்த்தை அந்த ரைட்டருக்காகவும் சொல்லிவிட வேண்டும். வடாற்காட்டிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய கூட்டம் முழுவதற்கும் அன்று அவர் ஒரே சுபாவத்தைத்தான் கொடுத்தார். எல்லோரும் சாது, எல்லோரும் வாய் பேசாதவர்கள். கொல்லாபுரியிடம் மட்டும் வயதைக் கேட்டுத் தொலைத்தார். "நான் பொறந்தப்ப நீ வந்து எய்தி வெச்சிருந்தா இப்ப கேக்க வேண்டியதில்ல பாரு" என்று பதில் வந்தது. ரைட்டர் தலையை நிமிர்த்தாமல் முப்பது என்று போட்டார். அப்போதே கொல்லாபுரிக்கு மீசையில் பாதி நரை.

கொல்லாபுரியின் உத்தியோகம் பெல்ட் பார்ப்பது. படித்தவர்களுக்கு இது ஒரு உத்தியோகமாகத் தெரியாது. பட்டறையின் ஒரு கோடியில் நீராவி எஞ்சின் இருக்கிறது. அதற்கு யானைப் பலம்; ஆனால் கை கிடையாது. எஞ்சினின் பெரிய சக்கரத்திலிருந்து கூரையடியில் ஓடும் இரும்புத் தண்டுக்கு ஒரு அகலமான தோல் பெல்ட் போகிறது. அந்தத் தண்டிலிருந்து லேத்துக்கு ஒன்று, துளை போடும் இயந்திரத்துக்கு ஒன்று, கொல்லன் உலைக்குக் காற்று ஊதும் விசிறிக்கு ஒன்று என்று சின்னச் சின்ன பெல்ட்டுகள் இறங்குகின்றன. எல்லாம் மாட்டுத் தோல். எல்லாம் நீளும், தளரும், காயும், வெடிக்கும். அவற்றை அறுத்து, துளையிட்டு, பச்சைத் தோல் வாரால் தைத்து, விளக்கெண்ணெயும் கொழுப்பும் காய்ச்சித் தடவி, உயிரோடு வைத்திருப்பது அவர் வேலை. பட்டறையில் மட்டுமில்லை, கல் இடிக்கும் மில்லிலும் அவர்தான், பம்பு கொட்டகையிலும் அவர்தான். தேர்ச்சி: இல்லை.

தைக்கும் வாரைச் சுருட்டி இடது தோளிலிருந்து குறுக்காகப் போட்டுக்கொள்வார். அது எதைப்போல இருக்கிறது என்று சொன்னால் சண்டை வரும், ஆகவே சொல்லவில்லை. இடது கையில் சுண்டு விரல் இல்லை. மில்லில் ஒரு பெல்ட் எடுத்துக்கொண்டது. அதைப் பற்றிக் கேட்டால் பெல்ட்டின் பக்கம்தான் பேசுவார். "அது இன்னா பண்ணும்? நிறுத்தறேன்னு சொல்லிட்டு நிறுத்தாதவன் மேல தப்பு. மாடு மேல பழி போடாத."

மாடு என்றுதான் சொல்வார். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் பெயர் உண்டு: செவலை, மயிலை, குட்டைக்கொம்பு. பெரிய பெல்ட்டின் பெயர் மூத்தவள். சீமையிலிருந்து கப்பலில் வரும் பெல்ட்டை அவிழ்த்ததும் முகர்ந்து பார்த்து, இது பேரணாம்பட்டுப் பதனம் என்று அடித்துச் சொல்வார். பேரணாம்பட்டில் பதப்படுத்திய தோல் கப்பலேறிச் சீமைக்குப் போவதும், அங்கே மெருகேறி, சீமைச் சரக்கு என்ற கௌரவத்தோடு திரும்பி வருவதும் உண்மைதான். ஆனால் முகர்ந்தே ஊரைச் சொல்ல முடியும் என்பதற்கு அவர் வாக்குமூலத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஒருமுறை ஒரு பெல்ட்டைப் பேரணாம்பட்டு என்று சத்தியம் செய்தார். அது ரப்பர் பூசிய கித்தான் என்று பிறகு தெரிந்தது. அதற்கும் கோபம் அவருக்குத்தான் வந்தது. "கித்தானுக்குத் தோல் வாசன அடிக்க வெக்கறானுங்க, இது இன்னா நாயம்?"

'இது இன்னா நாயம்' என்பதுதான் அவர் காலையில் எழுந்ததும் சொல்லும் முதல் வாக்கியம். மழை வந்தால் நாயமில்லை. வராவிட்டாலும் இல்லை. சிவசமுத்திரத்திலிருந்து கம்பியில் மின்சாரம் வரப்போகிறது, இனி நீராவி எஞ்சினே வேண்டாம் என்று பேச்சு அடிபடுகிறதே, அது மகா அநியாயம். "கம்பில வரட்டும், காத்துல வரட்டும். வந்து சக்கரத்த எப்படிச் சுத்தும்? அதுக்கும் வார் வேணுமா வாணாவா?" இந்தக் கேள்வியை அவர் கூலி லைன் வீடுகளில் எல்லோரிடமும் கேட்டு முடித்து, கடைசியில் தன் மனைவி ரத்தினம்மாவிடம் கேட்டார்.

மூங்கில் தட்டி வைத்து மண் பூசிய ஒற்றை அறை வீடு. ரத்தினம்மா களி கிளறிக்கொண்டே சொன்னாள்: "ஊட்டாண்ட வந்தும் வார் கததானா? துன்னுட்டுக் கத்து. வெறும் வயித்துல கத்தனா காத்துதான் வரும்."

ஊரெல்லாம் தோல் தைக்கிற மனிதர், காலில் செருப்புப் போட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "எஞ்சின் இழுத்த தோல நான் மிதிக்கறதா?" என்பார். கொல்லாபுரி வெற்றிப் பெருமிதத்தோடு வெறுங்காலில் முள்ளை மிதித்துக்கொண்டு போவார்.

இத்தனை கோபத்தில் ஒன்றுகூட பிரயோஜனமாகச் செலவானதில்லை என்று பட்டறையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், ஆயுத பூசை வரும் வரைக்கும்.

அந்தப் பட்டறையில் ஆயுத பூசைக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் எதில் வேலை செய்கிறாரோ அவரே அதற்குக் குங்குமம் வைப்பார். லேத்துக்காரர் லேத்துக்கு, கொல்லன் சம்மட்டிக்கு. கொல்லாபுரி அன்று குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, ஏணியில் ஏறி மூத்தவளுக்கு வைப்பார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் ஏணிமேலிருந்து யாரையும் திட்டுவதில்லை. தேங்காய் உடைத்து, பொரி பங்கிட்டு, எஞ்சினை ஒரு சுற்று ஓட்டி, தலைக்கு மேல் எல்லா பெல்ட்டும் குங்குமத்தோடு ஓடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மந்திரம் கிடையாது, ஐயர் கிடையாது.

இந்த வருஷம் ஏகாம்பர ஆசாரி மேஸ்திரியாகியிருந்தார். நல்ல வேலைக்காரர். ஆனால் பதவி வந்ததும் அதைப் பத்துப் பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் கூட வந்துவிட்டது. கம்பெனியின் வெள்ளைக்காரத் துரையை அழைத்தார். நாதஸ்வரம் வைத்தார். பேத்தமங்கலத்திலிருந்து ஐயர் ஒருவரை மாட்டுவண்டியில் வரவழைத்தார். ராகுகாலம் பிறப்பதற்குள் பூசையை முடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வருஷம் முழுக்க விபத்துதான் என்று ஐயர் நேரம் குறித்துக் கொடுத்தார்.

அன்று காலை ஐயர் பட்டறைக்குள் நுழைந்தபோது கொல்லாபுரி ஏணியில் இருந்தார். கையில் கொழுப்புக் கிண்ணம். ஐயர் அண்ணாந்து பார்த்து, "வாடு எவடு?" என்று, அவன் யார் எனத் தெலுங்கில் கேட்டார். மேஸ்திரி அவர் காதோடு பதில் சொன்னார். ஐயர் இரண்டடி பின்னால் நகர்ந்தார், அவ்வளவுதான். அந்த இரண்டடியை மேஸ்திரி தமிழில் மொழிபெயர்த்தார்.

"கொல்லாபுரி, எறங்கு. பூச முடியற மட்டும் நீ வெளிய நில்லு. அந்த வேப்பமரத்தாண்ட."

"இன்னாத்துக்கு?"

"ஐயரு வந்துகீறாரு. தோல் தொடற கையி. உனக்கே தெரியும். நான் வேற சொல்லணுமா?"

"சொல்லுங்க மேஸ்திரி. கேட்டுக்கறேன்."

"தீட்டுய்யா. போதுமா?"

கொல்லாபுரி இறங்கி வந்தார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயரும். இப்போது சாதாரணமாகத்தான் பேசினார். அதுவே மேஸ்திரிக்குச் சங்கடமாக இருந்தது.

"நான் தொட்டதால தீட்டு. சரி. மேல தொங்குதே பெல்ட்டு, அது இன்னா வாழ நாரா?"

"பெல்ட்டு கம்பெனிது. கம்பெனி சாமானுக்குத் தீட்டு கெடையாது."

"செத்த மாட்டுக்கு இல்ல. தச்ச கைக்கு இருக்குது."

"விதண்டாவாதம் பண்ணாத."

"தொர வராரே, அவரு பூட்சு இன்னா தொளசில பண்ணதா? மேளக்காரரு தவுல் கொண்டாந்து வெச்சிருக்காரே, அது பூசணிக்கா தோலா?"

இரண்டு பிட்டர்கள் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரி திரும்பிப் பார்த்ததும் இயந்திரம் துடைப்பதில் மூழ்கினார்கள்.

உலைக்குப் பக்கத்தில் சகாயம் நின்றுகொண்டிருந்தார். ரத்தினம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அதே லைன், அதே அடுப்பு, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கி, பெயரை மாற்றி, கொல்லனுக்கு உதவியாளாகச் சேர்ந்தவர். அவரை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. கொல்லாபுரி அவரைச் சுட்டிக்காட்டினார், இல்லாத விரல் உள்ள கையால்.

"இவன் என் மச்சான். இவன் உள்ள இருக்கலாமா?"

மேஸ்திரி சற்று யோசித்தார். "அவன் வேதக்காரன். அவனுக்கு நம்ம பூசையே கெடையாது. இருந்தா இன்னா, போனா இன்னா?"

"கும்புடறவன் வெளிய. கும்புடாதவன் உள்ள."

"நானும் உன்னோட வெளிய வரேன் மாமா" என்றார் சகாயம், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நீ இருடா. நம்ம ஊட்லருந்து ஒருத்தனாவது உள்ள இருக்கட்டும். மாதாகிட்ட கேளு, இது இன்னா நாயம்னு."

மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. கெட்ட மனிதராக இருந்திருந்தால் இவ்வளவு வியர்த்திருக்காது. "தோ பார். தொர வர நேரம். கலாட்டா பண்ண, நாளைக்கு உன் பேர் இருக்காது. லைன் வூட்டையும் காலி பண்ணச் சொல்வாங்க. ரத்தினம்மாவ ரோட்ல நிக்க வெக்காத. குங்குமம் நான் வெச்சுடறேன் உன் பெல்ட்டுக்கு. போ."

குங்குமப் பேச்சை அவர் எடுத்திருக்கக் கூடாது. அதுவரை கொல்லாபுரி வெளியே நிற்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். வேறொருவர் ஏணியில் ஏறி மூத்தவளுக்குக் குங்குமம் வைப்பார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையிலிருந்த கொழுப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அது வெளிய நிக்க வாணாமா மேஸ்திரி? அதுவும் என்னாட்டம் தோல்தானே?" என்றார்.

மேஸ்திரி அதற்குள் வாசலுக்கு ஓடிவிட்டார். அங்கே துரைக்கு மாலை போடுவது யார் என்று வேறொரு சண்டை ஆரம்பமாகியிருந்தது. பிட்டர்களும் அந்தச் சண்டையைப் பார்க்கப் போனார்கள். பட்டறைக்குள் சிறிது நேரம் கொல்லாபுரியும் சகாயமும் மட்டும் இருந்தார்கள். அந்தச் சிறிது நேரத்தில் ஏணிமேல் நடந்ததைச் சகாயம் பார்த்தார். பார்த்துவிட்டு உலைப் பக்கம் திரும்பி, நெருப்பே இல்லாத கரியை மிகுந்த கவனத்தோடு கிளற ஆரம்பித்தார்.

துரை வந்தார். பூட்ஸோடு வந்தார், பூட்ஸோடு நாற்காலியில் உட்கார்ந்தார். வருஷக்கணக்காக வடாற்காட்டு ஆட்களோடு சுரங்கத்தில் இறங்கியவர், அவர்களுடைய தமிழைத்தான் பேசுவார். ஐயர் மந்திரம் சொன்னார். கற்பூரம் எரிந்தது. லேத்துக்கு மாலை, துளை இயந்திரத்துக்கு மாலை, துரைக்கும் மாலை. அந்தக் களேபரத்தில் பெல்ட்டுக்குக் குங்குமம் வைப்பதை மேஸ்திரி மறந்துவிட்டார். ஐயர் கூரையின் இடைவெளியில் வெயிலைப் பார்த்து, நேரமாகிறது என்று கையசைத்தார். துரை எழுந்து போய் நீராவியைத் திறந்தார்.

எஞ்சின் பெருமூச்சு விட்டது. பெரிய சக்கரம் கம்பீரமாகச் சுற்றத் தொடங்கியது. அதன் அடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் நசுங்கியது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. எல்லோரும் லேத்தைப் பார்த்தார்கள்.

லேத்து நின்றது நின்றபடி இருந்தது. துளை இயந்திரம் மாலையோடு நின்றது. கூரையடியில் இரும்புத் தண்டு அசையவில்லை. எஞ்சின் மட்டும் தன்பாட்டுக்கு, ஒருவர் வேலையையும் செய்யாமல், ஜமீன்தார் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. ஐயர் மணியைக் கொஞ்சம் அழுத்தி ஆட்டிப் பார்த்தார்.

"இன்னா மேன் இது?" என்றார் துரை. "எஞ்சின் ஓடுது, மெசின் தூங்குது?"

மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். மேலே வெறும் சக்கரம். பெல்ட் இல்லை. குங்குமக் கிண்ணத்தோடு அவர் வாசலுக்கு ஓடினார்.

வேப்பமரத்தடியில் கொல்லாபுரி நின்றுகொண்டிருந்தார். சொன்ன இடத்தில், சொன்னபடி. தோளில் சுருட்டிய மூத்தவள். பாரத்தால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தார், கீழே வைக்கவில்லை.

"அடப் பாவி! இன்னாய்யா பண்ணிட்ட? தொர கேக்கறாரு!"

"வெளிய நிக்கச் சொன்னீங்க. நிக்கறோம்."

"கம்பெனி சாமான எட்துனு போனா போலீசு!"

"எங்க எட்துனு போனேன்? தோ, வாசல்ல கீது. உள்ள தீட்டாயிடுமேன்னு வெளிய வெச்சிகினு நிக்கறேன். கால் வலிக்குது, சீக்கிரம் பூசைய முடிங்க."

"மாட்டித் தொலைய்யா, உன்னக் கையெடுத்துக் கும்புடறேன்!"

"உள்ள வந்தா மாட்ட முடியும்? பூச இன்னும் முடியலியே."

துரை வாசலுக்கு வந்துவிட்டார். பின்னால் ஐயர், கற்பூரத் தட்டோடு. தட்டைக் கீழே வைக்க முடியாது. சக்கரங்கள் சுற்றியபிறகுதான் வைக்கலாம் என்பது அவரே போட்ட விதி. துரைக்கு விஷயம் பாதி புரிந்தது. புரிந்த பாதியே அவருக்குச் சிரிப்பு மூட்டியது. மாலையைக் கழற்றி நாதஸ்வரக்காரர் கையில் கொடுத்துவிட்டு, "அவன் வராம ஓடாதா? அப்ப இன்னாத்துக்கு மேன் வெளிய வெச்ச? கூப்டு" என்றார்.

"உள்ள வாய்யா" என்றார் மேஸ்திரி.

"நீங்க கூப்டறீங்க மேஸ்திரி. போகச் சொன்னதும் நீங்கதான். பின்னாடி நவுந்தவரு கூப்டலியே."

எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள். ஐயர் வெயிலைப் பார்த்தார். வேப்பமரத்து நிழல் சுருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சாஸ்திரம்: ஒரு பக்கம் தீட்டு, மறுபக்கம் ராகுகாலம். இரண்டில் எது சீக்கிரம் வந்து பிடிக்கும் என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"ராவய்யா" என்று தெலுங்கில் உள்ளே வரச்சொன்னார். கொல்லாபுரி நகரவில்லை. ஐயர் இன்னொரு முறை, இந்த முறை கெஞ்சலாகவே, சீக்கிரம் வரச்சொல்லி, "தொந்தரகா ராவய்யா!" என்றார்.

கொல்லாபுரி உள்ளே போனார். கற்பூரத்தைத் தாண்டி, லேத்தைத் தாண்டி, விலகி வழிவிட்ட பிட்டர்களைத் தாண்டி ஏணியில் ஏறினார். சகாயம் எஞ்சினை நிறுத்தினார். கொல்லாபுரி மூத்தவளைச் சக்கரத்தில் சுற்றி, முனை இரண்டையும் சேர்த்துப் பிடித்து, தோளிலிருந்து வாரை உருவினார். துளைகள் ஏற்கெனவே இருந்தவைதான். வழக்கமாக ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் முடிக்கிற வேலை.

"சீக்கிரம்யா" என்றார் மேஸ்திரி கீழேயிருந்து.

"அவசரமா தச்சா அறுத்துக்கும் மேஸ்திரி. ஆள் கீழ நிக்கறீங்க."

ஒரு துளையில் வாரைக் கோத்து, இழுத்து, தடவிப் பார்த்தார். திருப்தியில்லை. உருவினார். மறுபடி கோத்தார். கீழே ஐயர் கையில் தட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டார். நாதஸ்வரக்காரர் சீவாளியைத் துடைத்து உறையில் போட்டார்.

ராகுகாலம் பிறக்கும் வரைக்கும் கொல்லாபுரி அந்த ஒரு பெல்ட்டைத் தைத்துக்கொண்டிருந்தார். பிறந்த பிறகு முடிச்சுப் போட்டார்.